எக்ஸிமா அரிப்பை வீட்டிலேயே தணிப்பது எப்படி: குளியலில் இருந்து தூக்கம் வரை முழுமையான வழிகாட்டி

தோல் வறண்டு, வீங்கி, விடாமல் அரிக்கும் நோய் எக்ஸிமா. அது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரு வைத்தியம் சொல்வார்கள். இதைத் தடவு, அதைச் சாப்பிடாதே, இந்த எண்ணெயைப் போட்டால் ஒரே வாரத்தில் போய்விடும். இவற்றில் சில உண்மையிலேயே உதவும். சில காசைத்தான் கரைக்கும். சில, புண்ணில் உப்பு வைத்த கதையாக முடியும். எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

எக்ஸிமாவை அடியோடு ஒழிக்கும் இயற்கை மருந்து எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அரிப்பைக் குறைக்கவும், வெடித்த தோலை ஆற்றவும், மறுபடி கிளம்புவதைத் தள்ளிப்போடவும் வீட்டிலேயே நிறைய செய்யலாம். பெரும்பாலும் ரொம்பச் சாதாரண வேலைகள்தான். விடாமல் செய்வதுதான் கஷ்டம்.

தோலுக்குள் நடப்பது என்ன

தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் நிரம்பியிருக்கும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் எரிச்சலூட்டிகள் உள்ளே வராமலும் காப்பது இந்த அடுக்குதான். எக்ஸிமாவில் அது ஓட்டையாக இருக்கிறது. அதைக் கட்டமைக்க உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு மிகவும் கூடுதல் என்பது 2006-ல் தெரியவந்தது. எக்ஸிமா இருக்கும் எல்லோருக்கும் இந்த மரபணுக் குறை இருப்பதில்லை. ஆனால் கசியும் தோல் எல்லோருக்கும் பொது.

ஈரம் போனால் தோல் காயும். காய்ந்தால் அரிக்கும். சொறிந்தால் அந்த அடுக்கு இன்னும் கிழியும், வீக்கம் கூடும், இன்னும் அரிக்கும். இதற்கு நடுவே ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவும் அங்கே கூடாரம் போட்டுக்கொண்டு வீக்கத்தைக் கிளறிவிடும். கீழே சொல்லியிருப்பவை எல்லாமே இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் அறுப்பதற்கான வழிகள்.

முதலில், இது எக்ஸிமாதானா?

கைக்குழந்தைகளுக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் வரும். வளர்ந்தவர்களுக்கு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து, மணிக்கட்டு. படங்களில் காட்டுவதுபோல் செக்கச்செவேல் என்று இருக்க வேண்டும் என்பதில்லை. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அது பழுப்பாகவோ, ஊதா கலந்தோ, சாம்பல் பூத்தோ தெரியும். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவினால் சொரசொரப்பு சட்டென்று பிடிபடும்.

வட்டமாக, ஓரம் மட்டும் தடித்து நடுவில் தெளிவாக இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு களிம்பைப் போட்டால் பூஞ்சை இன்னும் பரவும். விரல் இடுக்கில் அரிப்பு, இரவில் தாங்க முடியவில்லை, வீட்டில் மற்றவர்களுக்கும் அரிக்கிறது என்றால் சிரங்கைச் சந்தேகப்பட வேண்டும். கைக்கடிகாரப் பட்டை, பேன்ட் பட்டன், தலைச்சாயம் படும் இடத்தில் மட்டும் வந்தால் அந்தப் பொருளின் ஒவ்வாமை. இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒருமுறையாவது தோல் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, அப்புறம் வீட்டு வைத்தியத்துக்கு வாருங்கள்.

குளியல்: வெந்நீரை விடுங்கள்

அரிப்பு எடுக்கும்போது சுடச்சுட வெந்நீர் பட்டால் சொர்க்கமாகத்தான் இருக்கும். அந்த சுகம் சில நிமிடம். அதற்குள் தோலின் கொழுப்பு கழுவிக்கொண்டு போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர், 5 முதல் 10 நிமிடம் போதும். தினமும் குளிக்கலாமா, ஒருநாள் விட்டு ஒருநாளா என்று பலர் கேட்பார்கள். இரண்டுமே சரிதான். குளித்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆரோக்கியமான தோலின் பிஎச் (அமில-கார அளவு) 5-ஐ ஒட்டி இருக்கும், அதாவது லேசான அமிலத்தன்மை. சாதாரண சோப்புக் கட்டியின் பிஎச் 9 முதல் 10. மூலிகை சோப்பு, கையால் செய்த சோப்பு என்றாலும் கதை இதேதான். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்த எதுவும் காரத்தன்மையோடுதான் இருக்கும். வாசனை இல்லாத, பிஎச் குறைந்த கிளென்சரை அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போட்டால் போதும். மற்ற இடங்களுக்குத் தண்ணீரே போதுமானது. உடம்பு தேய்க்கும் நாரும் பிரஷ்ஷும் வேண்டாம்.

குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர் தடவிவிட வேண்டும். தாமதித்தால் மேலே நிற்கும் தண்ணீர் ஆவியாகித் தோல் முன்பைவிட இறுக்கமாகிவிடும். அதனால் டப்பாவைக் குளியலறைக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது.

மாய்ஸ்சரைசர்: எது, எவ்வளவு, எப்படி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

எந்த வகை நல்லது என்பதற்கு 2022-ல் ஒரு நல்ல விடை கிடைத்தது. பிரிட்டனில் எக்ஸிமா உள்ள 550 குழந்தைகளிடம் லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் என நான்கு வகைகளை ஒப்பிட்டார்கள். பலனில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆகவே உங்களுக்குப் பிடித்ததே உங்களுக்கு நல்லது. பகலில் பிசுபிசுப்பு பிடிக்காதவர் கிரீம் போடலாம், இரவில் பெட்ரோலியம் ஜெல்லி மாதிரி கெட்டியானதைப் போடலாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வாசனை சேர்க்காததாக இருக்க வேண்டும். பொருள் பட்டியலில் மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற பதப்படுத்தி இருந்தால் வாங்காதீர்கள். ஒவ்வாமை தருவதில் அது பேர்போனது. கம்பளிக் கொழுப்பான லேனோலினும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

பெட்ரோலியம் ஜெல்லி இயற்கையானதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இயற்கை என்ற முத்திரையைவிட, தோலுக்கு எரிச்சல் தராமல் ஈரத்தைப் பிடித்து வைக்கிறதா என்பதையே நான் பார்ப்பேன். அந்தக் கணக்கில் அதற்கு நல்ல மதிப்பெண்தான்.

அடுத்தது அளவு. உடல் முழுக்க எக்ஸிமா உள்ள ஒருவருக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும். 100 கிராம் ட்யூபை மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, "போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை" என்பவர்கள்தான் அதிகம். தினமும் குறைந்தது இருமுறை. தோல் பார்க்க நன்றாக இருக்கும் நாட்களிலும் நிறுத்தக் கூடாது, ஏனென்றால் அந்த நாட்களிலும் உள்ளே கசிவு முழுதாக நிற்பதில்லை.

தடவும் முறையும் முக்கியம். கை, கால் முழுக்கப் பொட்டுப் பொட்டாக வைத்து, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாக நீவிவிடுங்கள். வட்டமாக அழுத்தித் தேய்த்தால் முடிக்குழிகள் அடைத்துச் சின்னச் சின்னப் பருக்கள் வரும், தேய்ப்பே அரிப்பையும் கிளப்பும். தோல் மினுமினுப்பாகத் தெரியும் அளவுக்கு விட்டுவிட்டால் பத்து நிமிடத்தில் தானாக உள்ளிறங்கும். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். விரல் வழியே கிருமி போய் அங்கேயே வளரும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: கிரீமும் களிம்பும் ஊறிய துணி வெகுவேகமாகத் தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுசாகப் போகாது. அடுப்பு, சிகரெட், மெழுகுவத்தி பக்கம் அந்த உடையோடு போக வேண்டாம்.

எண்ணெய்களில் எது உதவும்

எல்லா எண்ணெயும் ஒன்று அல்ல. சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் அமிலம் அதிகம். அது தோலின் அரணைக் கெடுக்காமல் ஈரத்தையும் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சுத்தமான தேங்காய் எண்ணெய் எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸையும் அது குறைக்கும். ஆலிவ் எண்ணெய் நேர்மாறு. அதில் மிகுந்திருக்கும் ஒலெயிக் அமிலம் தோலின் கொழுப்பு அடுக்கையே குலைத்துவிடும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் பெரியவர்களின் கையில் சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் தடவியபோது தோலின் அரண் பலவீனமடைந்தது. குழந்தைக்கு மசாஜ் செய்ய அதை எடுப்பவர்கள் எக்ஸிமா இருந்தால் தவிர்ப்பது நல்லது.

எண்ணெயைத் தனியாகக் காய்ந்த தோலில் தடவினால் பெரிய பலன் இருக்காது. ஈரத்தோலின் மேல், அல்லது கிரீம் போட்ட பிறகு அதன் மேல் மெல்லிசாகப் போடுங்கள்.

ஓட்ஸ் குளியல்

வீட்டு வைத்தியங்களில் எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். ஓட்ஸில் இருக்கும் அவெனாந்த்ரமைடு என்ற பொருள்கள் வீக்கத்தையும் அரிப்பையும் தணிக்கும். நுண்ணிய ஓட்ஸ் பொடியைத் தோல் பாதுகாப்புப் பொருளாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003-ல் அங்கீகரித்தது.

சர்க்கரை, சுவை எதுவும் சேர்க்காத ஓட்ஸை மிக்சியில் மாவாக அரையுங்கள். ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். பால் மாதிரி வெள்ளையாகி, விரலுக்கு வழுவழுப்பாக இருந்தால் சரி. அடியில் குருணையாகத் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். தொட்டி இருந்தால் ஒரு கப் மாவைத் தண்ணீரில் தூவிக் கலக்கி 10 முதல் 15 நிமிடம் அமரலாம். வாளிக் குளியல் என்றால் ஒரு கைப்பிடி மாவை மெல்லிய துணியில் முடிந்து வாளியில் ஊறவைத்து, அந்த முடிச்சை அரிக்கும் இடத்தில் மெதுவாகப் பிழிந்து ஒற்றுங்கள். தேய்க்க வேண்டாம். தரை வழுக்கும், ஜாக்கிரதை. கடைசியில் வழக்கம்போல ஒற்றித் துடைத்து கிரீம்.

ஓட்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது கூடாது. தோல் வெடித்திருக்கும் கைக்குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

குளியல் நீரில் ஊற்றுவதற்கென்றே விற்கும் எண்ணெய்க் கலவைகள் வேறு விஷயம். 2018-ல் ஏறக்குறைய 500 குழந்தைகளிடம் சோதித்தபோது, வழக்கமான சிகிச்சையோடு இவற்றையும் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் காசுக்கு இன்னொரு டப்பா கிரீம் வாங்கலாம்.

இரவு அரிப்பு

பகலெல்லாம் சமாளித்தவருக்குக்கூட படுத்ததும் அரிப்பு தலைதூக்கும். அது பிரமை இல்லை. இரவில் வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைகிறது, தோலின் வெப்பம் ஏறுகிறது, ஈரம் கசிவதும் கூடுகிறது. கவனத்தைத் திருப்பவும் எதுவும் இல்லை.

படுக்கும் முன் இன்னொரு முறை கெட்டியான மாய்ஸ்சரைசர் போடுங்கள். அறை குளிர்ச்சியாக இருக்கட்டும். கனத்த போர்வைக்குப் பதிலாக மெல்லிய பருத்தி விரிப்பு இரண்டு வைத்துக்கொண்டால் சூட்டுக்கு ஏற்ப ஒன்றை உதறிவிடலாம். நகத்தை ஒட்ட வெட்டுவதோடு நிறுத்தாமல் அரத்தால் மழுக்கிவிடுங்கள். புதிதாக வெட்டிய நகத்தின் முனைதான் அதிகமாகக் கீறும். தூக்கத்தில் சொறியும் குழந்தைக்குப் பருத்திக் கையுறை போடலாம். கிரீமை ஃப்ரிட்ஜில் வைத்துத் தடவினால் அந்தக் குளிர்ச்சியே அரிப்பைக் கொஞ்சம் மழுங்கடிக்கும். நனைத்துப் பிழிந்த குளிர்ந்த துணியை ஐந்து பத்து நிமிடம் போட்டு வைப்பதும் அப்படித்தான். ஐஸை நேரடியாக வைக்க வேண்டாம்.

"சொறியாதே, சொறியாதே" என்று குழந்தையை அதட்டுவதால் ஒன்றும் ஆகாது. கை சும்மா இருக்காது; அதற்கு மாற்று வேலை கொடுக்க வேண்டும். 1980-களில் சுவீடனில் இதை முறைப்படி செய்து பார்த்தார்கள். சொறியத் தோன்றும்போது கையை இறுக்கி முஷ்டி பிடித்து 30 விநாடி வைத்திருக்க வேண்டும். அப்போதும் அரித்தால் அந்த இடத்தை நகத்தால் அழுத்தவோ லேசாகக் கிள்ளவோ செய்யலாம், கீறக் கூடாது. களிம்போடு இந்தப் பயிற்சியும் சேர்ந்தபோது சொறிவது நன்றாகவே குறைந்தது. இதைத் தொடங்கும் முன் சில நாட்கள், எப்போதெல்லாம் கை போகிறது என்று கவனியுங்கள். உடை மாற்றும்போது, போன் பார்க்கும்போது, பரீட்சைக்குப் படிக்கும்போது. அரிப்பே இல்லாமல் பழக்கத்தில் சொறிவது எவ்வளவு என்பது தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். மன அழுத்தம் எக்ஸிமாவைக் கிளப்பும் என்பதும் உண்மைதான். மூச்சுப் பயிற்சியோ நடையோ, உங்களுக்கு எது ஒத்துவருமோ அதைச் செய்யுங்கள்.

அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் வரலாம், ஆனால் அந்த மாத்திரை தடுக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் எக்ஸிமா அரிப்புக்கு முதன்மைக் காரணம் இல்லாததால் அரிப்பு பெரிதாக அடங்காது.

உடை, வியர்வை, தண்ணீர்

பருத்தி உடை, உள்ளே குத்தும் லேபிளை வெட்டி எறிவது, வாசனையில்லாத சலவைத் தூள், துணியை இன்னொரு முறை அலசுவது. இவ்வளவுதான். வியர்த்தால் உடனே வெறும் தண்ணீரில் கழுவி கிரீம் போடுங்கள், விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை. எக்ஸிமாவுக்கென்று விற்கும் பட்டு உள்ளாடைகளை 2017-ல் 300 குழந்தைகளிடம் சோதித்தார்கள், பலனில்லை. கடின நீரை மென்னீராக்கும் கருவியை 2011-ல் சோதித்தார்கள், அதுவும் உதவவில்லை.

சாப்பாட்டில் எதை விடுவது?

அநேகமாக எதையும் விட வேண்டாம். எக்ஸிமா என்றதும் பால், முட்டை, கோதுமை, கடலை என்று ஒவ்வொன்றாக நிறுத்துவது எல்லா இடத்திலும் நடக்கிறது. குழந்தை இளைத்துப்போவதுதான் மிச்சம். சிலருக்கு, குறிப்பாக எக்ஸிமா கடுமையாக உள்ள சின்னக் குழந்தைகளுக்கு, உணவு ஒவ்வாமையும் சேர்ந்திருக்கும். சாப்பிட்ட சில நிமிடங்களில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் அது அடையாளம், மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். அந்த அடையாளம் எதுவும் இல்லாமல் ஓர் உணவை நீண்ட நாள் நிறுத்தினால், மறுபடி கொடுக்கும்போது புதிதாகவே ஒவ்வாமை வரக்கூடும். 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று இதன் மறுபக்கத்தைக் காட்டியது. கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த கைக்குழந்தைகளுக்குச் சீக்கிரமே வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தபோது, ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைந்தது. அவர்களைச் சோதித்த பிறகே கொடுத்தார்கள் என்பதால் வீட்டில் நீங்களாக முயல வேண்டாம். முழுக்கடலை மூச்சுக்குழாயில் அடைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரைகளால் பலனில்லை என்று 2013-லும், புரோபயாடிக்குகளால் (நல்ல பாக்டீரியா மாத்திரைகளால்) எக்ஸிமாவில் பெரிய மாற்றம் இல்லை என்று 2018-லும், பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்புகள் சொல்லிவிட்டன.

தடவக் கூடாதவை

எலுமிச்சைச் சாறு, பச்சைப் பூண்டு, சமையல் சோடா, வாசனைத் தைலங்கள். பூண்டு அரைத்துக் கட்டினால் தோல் வெந்தே போகும். டீ ட்ரீ ஆயில் காற்றுப்பட்டுப் பழசாக ஆக ஒவ்வாமை தருவது கூடும். ஆப்பிள் சிடர் வினிகர் தோலின் அமிலத்தன்மையை மீட்கும் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் 2019-ல் நீர்த்த வினிகரில் கையை ஊறவைத்துச் சோதித்தபோது தோல் தேறவில்லை, எரிச்சல்தான் வந்தது. கற்றாழை குளிர்ச்சி தரும். கடையில் விற்கும் ஜெல்களில் ஆல்கஹாலும் வாசனையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உணவுப்பொருளை வெடித்த தோலில் பூசுவதில் இன்னோர் ஆபத்து. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய 2000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை கோதுமையை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

லேபிளில் பொருள் பட்டியல் இல்லாத மூலிகை களிம்பு இரண்டே நாளில் மாயம் செய்தால் சந்தேகப்படுங்கள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் நோயாளிகள் பயன்படுத்திய 24 மூலிகை கிரீம்களைச் சோதித்த ஆய்வு 2003-ல் வெளியானது. அவற்றில் 20-ல் ஸ்டீராய்டு இருந்தது.

புதிதாக எதைத் தடவுவதானாலும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், தினம் இருமுறை, ஒரு வாரம் போட்டுப் பாருங்கள்.

எக்ஸிமா கிளம்பிவிட்டால்

வீக்கம் கிளம்பி எரியும்போது மாய்ஸ்சரைசர் மட்டும் போதாது. ஈரக்கட்டு ஒரு நல்ல வழி. கிரீமைத் தாராளமாகப் பூசி, அதன் மேல் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைச் சுற்றி, அதற்கு மேல் காய்ந்த துணியைச் சுற்றுங்கள். குழந்தைக்கு இறுக்கமான பருத்திப் பைஜாமா இரண்டே போதும், உள்ளே ஈரமானது, வெளியே காய்ந்தது. இரண்டு மணி நேரம் வைத்தால்கூட அரிப்பு அடங்குவது தெரியும். சீழ் வைத்த தோலில் இதைச் செய்யக் கூடாது. ஸ்டீராய்டு களிம்புக்கு மேல் கட்டுவதானால் மருத்துவர் சொன்னால் மட்டுமே, ஏனென்றால் ஈரத்தில் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும்.

அந்த ஸ்டீராய்டு களிம்பைப் பற்றியும் பேசிவிடலாம். 1952-ல் தோலுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு வந்ததில் இருந்து இவை பயன்பாட்டில் இருக்கின்றன. கண்டபடி மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும். மருத்துவர் சொன்ன வீரியத்தில், சொன்ன நாட்களுக்குப் போட்டால் அந்தப் பயம் தேவையில்லை. பயந்து பயந்து துளியூண்டு தடவி வாரக்கணக்கில் இழுத்தடிப்பவர்கள் கடைசியில் அதிக மருந்துதான் போடுகிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனியில் இருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். பெரியவரின் விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது சரியாக இருக்கும். அதற்கும் மாய்ஸ்சரைசருக்கும் இடையே அரை மணி நேரம் விடுங்கள்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

தேன் நிறத்தில் பொருக்கு கட்டினாலோ, நீர் வடிந்தாலோ, சூடாக வலித்துப் பரவினாலோ பாக்டீரியா தொற்றியிருக்கும். அன்றே காட்டுங்கள். அதைவிட அவசரமானது, ஒரே அளவில் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள் வந்து, உடைந்து, துளையிட்டது போன்ற சின்னப் புண்களாகி, அரிப்பைவிட வலி மிகுந்து, காய்ச்சலும் சேர்வது. இது ஹெர்பீஸ் வைரஸ் எக்ஸிமாவில் பரவுவது. சில மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், கண்ணருகே இருந்தால் இன்னும் வேகமாக. உதட்டு ஓரத்தில் காய்ச்சல் கொப்புளம் வந்திருப்பவர் யாராக இருந்தாலும், அது காய்ந்து உதிரும் வரை எக்ஸிமா உள்ள குழந்தையை முத்தமிட வேண்டாம். அவர் பயன்படுத்திய துண்டையும் கிரீம் டப்பாவையும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.